கத்தியும் களத்துமேட்டு நெல்லும்

சித்தூர் நகரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா நதியின் கரையில் எழுந்தருளியிருக்கும் காணிப்பாக்கம் வரசித்தி விநாயகரின் ஸ்தலபுராணத்தைக் கேட்டவர்கள், சுயம்பு மூர்த்தி வெளிப்பட்ட அற்புதத்திலேயே மனம் லயித்துப் போவதால், அந்தக் கதையின் நடுவே கிடக்கும் ஓர் எளிய வஸ்துவைக் கவனிப்பதில்லை. பார்வையிழந்த ஒருவரும், செவிகேளாத ஒருவரும், வாய்பேசாத ஒருவருமாகிய மூன்று சகோதரர்கள், தங்கள் சிறு நிலத்தின் கிணறு வற்றிப்போன காலத்தில் அதை ஆழப்படுத்த இறங்கினார்கள் என்றும், அவர்கள் ஓங்கிய இரும்பு பூமிக்குள் ஒரு கல்லைத் தாக்க, அந்தக் கல்லிலிருந்து உதிரம் பெருகிக் கிணற்று நீரெல்லாம் சிவந்தது என்றும், அந்த நீர் பட்டவுடன் மூவரின் ஊனமும் நீங்கியது என்றும் புராணம் சொல்லுகிறது. அதே நதிக்கரையில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் மற்றொரு கதை, மகாபாரதத்தின் சாந்தி பர்வத்திலும் இடம்பெற்ற சங்கர், லிகிதர் என்ற இரண்டு முனிவர்களைப் பற்றியது; அநுமதியின்றிக் கனி பறித்து உண்ட குற்றத்துக்காக லிகிதரின் கைகளை அரசன் வெட்டுவித்தான் என்பதும், பாகுதையில் மூழ்கி எழுந்தபோது அந்தக் கைகள் மீண்டும் வளர்ந்தன என்பதும் அந்தக் கதை. ஆக, இந்தப் புண்ணிய ஸ்தலத்தின் இரண்டு கதைகளிலும் காரியத்தைத் தொடங்கிவைப்பது இரும்பின் விளிம்புதான்.

கிணறு வெட்டுகிறவர்களை அறிந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். சுக்கான் பாறையும் சரளையும் நிறைந்த இந்தப் பிரதேசத்தின் தரையில் காலையில் கூராக இறங்கின கருவி மாலையில் மொட்டையாகத்தான் மேலே வரும். மறுநாள் பொழுது விடியுமுன் அதைக் காய்ச்சி அடித்து, முனை எடுத்து, தோய்ச்சல் போட்டுக் கொடுக்க ஒருவர் ஊருக்குள் இருந்தாக வேண்டும். அந்த ஒருவரைப் பற்றியும், அவரும் குடியானவர் வீட்டுப் பெண்களும் சேர்ந்து பல நூற்றாண்டுகள் நடத்தி வந்த கத்தி பராமரிப்பு என்ற காரியத்தைப் பற்றியுமே நான் எழுத விரும்புகிறேன். கத்தி செய்வதைப் பற்றிச் சரித்திரம் ஓரளவு பேசியிருக்கிறது. ஒரு நாளில் அடித்து முடிக்கப்பட்ட கத்தி அதன் பிறகு முப்பது நாற்பது வருஷம் உயிரோடிருந்தது எப்படி என்பதை எவரும் விரிவாகச் சொல்லவில்லை.

இந்த நிலம் இரும்புக்குப் புதியதன்று. சித்தூர் ஜில்லாவின் தென்மேற்கு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிருஷ்ணகிரி ஜில்லாவின் மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகள் இரும்பின் காலத்தைக் கி.மு. 2172-க்குக் கொண்டுபோகின்றன என்று தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. அவ்வளவு பழமைக்குப் போகாமல் இருநூறு வருஷத்துக்கு முன்னால் வந்து நின்றாலும் காட்சி தெளிவாகவே இருக்கிறது. 1800-ஆம் ஆண்டில் கம்பெனியாரின் உத்தரவுப்படி சென்னையிலிருந்து மைசூரை நோக்கிப் புறப்பட்ட பிரான்ஸிஸ் புக்கானன், இந்தப் பக்கத்துக் கணவாய்களைக் கடந்து போகும்போது, மழைவெள்ளம் மலைகளிலிருந்து அரித்துக் கொண்டுவரும் கருமணலை வாரியெடுத்து, கரியோடு சேர்த்து மண் உலைகளில் உருக்கி இரும்பெடுக்கும் ஜனங்களைக் கண்டு எழுதிவைத்தார். உலையில் எடுத்த அந்த இரும்பு மிருதுவானது. அடித்தால் வளையும், ஆனால் கூர் நிற்காது. கூர் நிற்பதற்கு உருக்கு வேண்டும். அந்த உருக்கைத் தமிழ்நாட்டு உலைக்காரர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் 1839-இல் விவரித்திருக்கிறார். இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்கட்டையைச் சிறு மண் மூசைக்குள் வைத்து, பச்சை எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதிக் காய்ச்சுவது அந்த முறை. கட்டையிலும் இலையிலும் உள்ள கரி இரும்புக்குள் ஏறி அதை உருக்காக்கியது. லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819-இல் பரிசோதித்து வியந்த இந்திய உருக்கும் இத்தகைய மூசை உருக்கேதான். ஆவாரையும் எருக்கும் இன்றும் காணிப்பாக்கத்துச் சாலையோரங்களில் தாமாகவே வளர்ந்து கிடக்கின்றன.

உருக்கு அரிதான பொருளாகையால், கிராமத்துக் கொல்லர் கத்தி முழுவதையும் உருக்கால் அடிப்பதில்லை. உடலை மிருதுவான இரும்பால் செய்து, வெட்டும் விளிம்பில் மாத்திரம் ஒரு சிறு உருக்குப் பட்டையை வைத்து, இரண்டையும் வெண்சூட்டில் ஒன்றாக அடித்து இணைத்துவிடுவார். இதற்கு உருக்கு வைத்தல் என்று பெயர். உடல் வளைந்து கொடுக்கும், விளிம்பு வளையாமல் நிற்கும். ஓங்கி வெட்டும்போது உண்டாகும் அதிர்ச்சியை இரும்பு வாங்கிக்கொள்ள, கூரை உருக்கு காப்பாற்றும். ஆனால் இந்த அமைப்பிலேயே ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. தீட்டத் தீட்டத் தேய்வது அந்த உருக்குப் பட்டைதான். அது தீர்ந்த பிறகு கத்தியின் வடிவம் மாறாமலே இருக்கும், வேலை மாத்திரம் செய்யாது. அப்போது மறுபடியும் உருக்கு வைக்க வேண்டும். ஆகவே கையால் அடித்த கத்தி என்பது ஒருமுறை செய்து முடித்துவிட்ட பண்டமன்று. அதைச் செய்தவரும் வைத்திருப்பவரும் பரஸ்பரம் கைவிடாதிருந்தால்தான் நிலைத்திருக்கக்கூடிய பொருள் அது. கொல்லர் அடிக்கிற அடியைவிட இந்தப் பந்தமே கத்தியின் பிராணன் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பந்தத்துக்கு நம் முன்னோர்கள் பொருளாதார ஆதாரம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தார்கள். காணிப்பாக்கம் பழைய தொண்டைமண்டலத்தைச் சேர்ந்தது. அதே மண்டலத்தின் கிழக்குப் பகுதியான செங்கற்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பார்னார்டு என்பவர் ஏறக்குறைய 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தபோது, விளைச்சலைப் பங்கிடுவதற்கு முன்பாகவே கோயிலுக்கும், கணக்கருக்கும், காவல்காரருக்கும், தச்சருக்கும், கொல்லருக்கும், வண்ணாருக்கும், நாவிதருக்கும் களத்திலேயே நெல் ஒதுக்கப்படுவது பதிவாயிற்று. அந்தப் பங்குக்கு மேரை என்று பெயர். அரசாங்கத்தின் வாரமும் குடியானவரின் வாரமும் பிரிவதற்கு முன்பு கொல்லரின் மேரை பிரிந்துவிடும் என்ற இந்த ஒழுங்கை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். கத்தி மழுங்கினபோது காசு தேடி ஓட வேண்டிய அவசியம் எந்த ஏழைக்கும் இல்லை. மழுங்கப் போகிறது என்பதை ஊரே முன்கூட்டி ஒப்புக்கொண்டு, அதற்கான செலவை அறுவடையன்றே தீர்த்துவிட்டது. புதிதாகக் கத்தி அடிக்க வேண்டுமானால் இரும்பும் கரியும் குடியானவர் கொண்டுவர வேண்டும், துருத்தி ஊதவோ சம்மட்டி அடிக்கவோ வீட்டு ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டும், அதற்குத் தனிக்கூலியும் உண்டு; பழையதைக் காய்ச்சி அடிப்பதும், கருக்கு வெட்டுவதும், பிடி மாற்றிப் பூண் போடுவதும் மேரைக்குள்ளேயே அடங்கின.

ஆகையினால் கொல்லரின் பட்டறைக்கும் பஞ்சாங்கத்துக்கும் ஒரு பொருத்தம் இருந்தது. முதல் மழைக்கு முன்னால் கொழுமுனைகள் வரும். கதிர் முற்றும் பருவத்தில் கருக்கரிவாள்கள் வரும். அவற்றின் தேய்ந்த பற்களை உளியால் ஒவ்வொன்றாக மறுபடியும் வெட்ட வேண்டும், அதுவும் எல்லாப் பற்களும் பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி வெட்ட வேண்டும். இல்லாவிடில் இழுக்கும்போது தாள் அறுபடாமல் வழுக்கும். கரும்பு வெட்டும் காலத்தில் கத்திகள் குவியும். கரும்புத் தோகையிலும் தோலிலும் மணற்சத்து மிகுதியாகையால் அது எந்தக் கூரையும் சீக்கிரம் தின்றுவிடும். சாற்றின் இனிப்போ இரும்பின்மேல் படிந்து புளித்துத் துருவை வரவழைக்கும். வெல்லத்துக்குப் பேர்போன இந்த ஜில்லாவில் ஆலை ஓடும் மாதங்களில், அன்றைக்கு வெட்டின கத்தியை அன்றைக்கே கழுவித் துடைக்காதவரைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தக் கொல்லர்களின் கௌரவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தச் சரித்திரத்தில் சித்தூருக்கு விசேஷமான இடம் இருக்கிறது. தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், கல்தச்சர் என்ற ஐந்தொழிலாளர்களும் தங்களை விசுவகர்ம வம்சத்தவராகக் கொண்டு, தங்கள் விவாகம் முதலிய சடங்குகளைத் தங்கள் சொந்த ஆசாரியர்களைக் கொண்டே வேத விதிப்படி நடத்திக்கொள்ள உரிமை உண்டு என்று சாதித்து வந்தார்கள். அதை மறுத்தவர்களோடு ஏற்பட்ட வழக்கு 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் சித்தூர் ஜில்லா அதாலத் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, விசுவகர்மர்களுக்கு அநுகூலமாக முடிந்தது. அந்தத் தீர்ப்பு தமிழில் சிறு நூலாகப் பலமுறை அச்சேறி, தென்னாடெங்கும் பட்டறைகளில் பொக்கிஷம் போலப் பாதுகாக்கப்பட்டது. களத்தில் நெல் வாங்கினவர்கள் ஊரின் ஊழியர்களாக மட்டும் தங்களை எண்ணிக்கொண்டவர்கள் அல்லர். ஒரு பழைய அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதும் சாஸ்திரத்தில் அடங்கிய கர்மம் என்றே அவர்கள் நம்பினார்கள்.

நம்பியதற்கு நியாயமும் உண்டு, தோய்ச்சல் என்பது அவ்வளவு நுட்பமான காரியம். செந்தழலாகக் காய்ந்த விளிம்பை நீரில் ஆழ்த்தினவுடன் உருக்கு மிகக் கடினமாகிறது; ஆனால் அந்த நிலையில் கண்ணாடிக்கு ஒப்ப முறிந்தும் போகும். ஆகவே கொல்லர் முதுகுப்பக்கத்தில் சூடு மிச்சமிருக்கும்போதே கத்தியை வெளியே எடுத்து, விளிம்பைக் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, சூடு மெல்ல மெல்ல விளிம்புக்கு வருவதை அதன் நிறத்தால் கவனிக்கிறார். ஏறத்தாழ 220 டிகிரி சென்டிகிரேடில் வைக்கோல் மஞ்சள் தோன்றும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். சவரக்கத்திக்கு இளமஞ்சளில் நிறுத்த வேண்டும், மரம் வெட்டும் கத்திக்கு அதைத் தாண்டவிட வேண்டும். பட்டறைகள் இருட்டாக இருந்ததற்குக் காரணம் வறுமை மாத்திரமன்று, வெயில் வெளிச்சத்தில் காய்ந்த இரும்பின் செந்தழல் நிறம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்த கத்தியைப் பேணினவர்கள் பெண்கள். அடுக்களைக்கு உரியது அரிவாள்மணை. காணிப்பாக்கத்துப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் அதைக் கத்திபீட்ட என்பார்கள். புதிதாக வந்த இரும்பை நேரே காய்கறியில் போடுவதில்லை. சாம்பலால் துலக்கி, எண்ணெய் பூசிச் சிலநாள் வைத்து, வாழைக்காய், புளிக்காய் போன்ற துவர்ப்பும் புளிப்புமான காய்களை முதலில் அரிந்து அந்தத் துண்டுகளைக் கழித்துவிடுவார்கள். அதனால் இரும்பின்மேல் கருநிறப் படலம் ஒன்று உண்டாகிறது. அந்தக் கறுப்பை அழுக்கென்று எண்ணித் தேய்த்து வெளுப்பாக்குவது அறியாமை. செந்துருவை உள்ளே விடாமல் தடுக்கும் கவசம் அது. விளிம்பை மாத்திரம் வெளுப்பாகவும் உடலைக் கறுப்பாகவும் வைத்திருப்பதே நல்ல பராமரிப்பின் லட்சணம்.

மாங்காய்க்காலம் கத்திக்குச் சோதனைக்காலம். சித்தூர் ஜில்லா மாம்பழத்துக்குப் பிரசித்தி பெற்றது; ஆவக்காய் போடும் வாரங்களில் ஓட்டோடு மாங்காயைப் பிளக்கும் கனத்த கத்திகள் பரணிலிருந்து இறங்கும். மாங்காயின் பால் ஒரு பக்கம், புளிப்பு ஒரு பக்கம், அருகிலேயே உப்பு. இரும்பை அரிப்பதற்கு இவற்றைவிடத் தகுந்த கூட்டு கிடைப்பது அரிது. எனவே வெட்டி முடித்தவுடன் வேறு எந்த வேலையிலும் கை வைக்காமல் கத்தியைக் கழுவி, துணியால் ஈரம் போக்கி, அடுப்பின் ஓரச்சூட்டில் சற்று நேரம் காட்டி, பிறகே எண்ணெய் தடவுவார்கள். பலாப்பழமானால் வெட்டுவதற்கு முன்பே எண்ணெய். இல்லாவிட்டால் அதன் பால் பிசினாக ஒட்டிக்கொள்ளும். எந்த எண்ணெய் என்பதிலும் ஒரு தேர்ச்சி இருந்தது. தினந்தோறும் புழங்கும் கத்திக்குத் தேங்காயெண்ணெய் போதும். மழைக்காலம் முழுவதும் கட்டிவைக்கப் போகும் கத்திக்கு ஆமணக்கெண்ணெய்தான். நல்லெண்ணெய் நாளடைவில் காற்றுப் பட்டுப் பிசுபிசுத்துப் போகும். ஆமணக்கெண்ணெய் உலராமல் அப்படியே படிந்திருக்கும். சுற்றுவதற்கு எண்ணெயூறின பழந்துணி உகந்தது. வைப்பதற்குப் புகை படியும் பரண் உகந்தது. தரையிலோ மண் சுவரின் ஈரத்திலோ சாத்தி வைக்கலாகாது.

சம்பிரதாயங்களும் இந்தப் பேணலோடு கலந்திருந்தன. கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கலாகாது, கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அரிவாள்மணையை நிமிர்த்தி விட்டுவிட்டு எழலாகாது, பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். பிரசவித்த பெண்ணின் தலைமாட்டில் ஓர் இரும்பு இருக்க வேண்டும். சரஸ்வதி பூஜையன்று கருவிகள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்று முழுவதும் அவற்றைத் தொடாமல் விடுவதும் இந்த வரிசையில் சேர்ந்ததே. வருஷத்துக்கு ஒருநாளாவது வீட்டிலுள்ள ஒவ்வோர் இரும்பும் வெளியே வந்து, வெளிச்சத்தில் பார்க்கப்பட்டு, பழுது உள்ளது தெரிந்து, பட்டறைக்குப் போயிற்று. பக்தியோடு செய்யப்பட்டதால் அது எந்த வருஷத்திலும் தவறவில்லை.

தீட்டுவதற்கு அம்மியின் ஓரமும் கிணற்றின் கல்விளிம்புமே பெரும்பாலான வீடுகளில் போதுமானவையாக இருந்தன. பழைய வீடுகளின் வாசற்படிக் கல் நடுவில் குழிந்திருப்பதைக் கண்டவர்கள் அதன் காரணத்தை ஊகிக்கலாம். பாளை சீவும் பனையேறிகளின் அரிவாளுக்கு இது போதாது. பாளையின் காயம் மெல்லியதாக இருந்தால்தான் பதநீர் வடியும் என்பதால், அவர்கள் மரப்பலகையின்மேல் வெள்ளைக்கல்லைப் பொடித்துத் தூவி, அதில் நெடுநேரம் தீட்டுவார்கள். அதற்கும் மேற்பட்டது நாவிதரின் கத்தி. திருமலையின் கல்யாணக்கட்டாவிலும், காணிப்பாக்கம் போன்ற ஸ்தலங்களிலும் முடி காணிக்கை செலுத்த வந்த எண்ணிறந்த யாத்திரிகர்களின் சிரசில் கையால் அடித்த சவரக்கத்திகளே ஓடின. மென்மையான கல்லில் நீர்விட்டுத் தீட்டி, தோல்வாரில் இழுத்து, கடைசியில் உள்ளங்கையில் இரண்டு தரம் தீற்றி, அதன் பிறகே கத்தி தலையைத் தொடும். அடைப்பம் என்னும் கருவிப்பைக்குள் அந்தக் கத்திக்குத் தனி உறை உண்டு. வேறெந்தக் கருவியும் அதன் விளிம்பில் உரசக் கூடாது. இன்று சுகாதாரத்தை முன்னிட்டு ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு மாற்றுகிறார்கள். அது சரியான ஏற்பாடுதான். ஆயினும் தீட்டும் கலையில் உச்சத்தை எட்டியிருந்த ஒரு வித்தை அந்த வாசல்களில் இப்போது இல்லை.

தெருவில் வரும் சாணை பிடிப்பவரைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். குருந்தக்கல் பொடியை அரக்கோடு சேர்த்து வார்த்த பழைய சாணை கையாலோ வாராலோ மெதுவாகச் சுழன்றது. கத்தி சூடேறுவதற்குள் நின்றுவிடும். மின்சாரச் சாணையோ கணநேரத்தில் விளிம்பை 300 டிகிரிக்குமேல் கொண்டுபோய்விடும். பொறி பறக்கும்போது விளிம்பில் நீலநிறம் ஓடிற்றானால் கொல்லர் போட்ட தோய்ச்சல் அவ்வளவு தூரத்துக்குப் போய்விட்டது. அந்தக் கத்தி வீட்டுக்கு வந்த அன்று கூராகவும் அடுத்த வாரம் மொட்டையாகவும் இருக்கும். உருக்குப் பட்டை மெல்லியதாக உள்ள பழைய கத்திகளை இந்த இயந்திரத்துக்குக் கொடுப்பதை நான் கொலை என்றே சொல்வேன்.

பேணுபவர் இல்லாவிட்டால் எவ்வளவு உயர்ந்த இரும்பும் என்னவாகும் என்பதற்குத் தஞ்சாவூர் அரண்மனையின் ஆயுதசாலை சாட்சி. 1855-இல் மராட்டிய அரச வம்சம் வாரிசின்றி முடிந்த பிறகு, தலைமுறைகளாகச் சேர்ந்திருந்த வாள்களும் கட்டாரிகளும் துருவேறிக் குவிந்து கிடந்தன. 1860-களில் சில சென்னை அரசாங்க மியூசியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. வால்ஹவுஸ் என்னும் அதிகாரி 1878-இல் இதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அந்த மியூசியத்திலேயே 1930-இல் ரசாயனச் சாலை ஒன்று ஏற்பட்டு, எஸ். பரமசிவன் என்ற அறிஞர் தொல்பொருள்களை அரிப்பிலிருந்து காக்கும் வேலையைத் தொடங்கினார்; வீட்டுப் பெண்களும் கொல்லர்களும் செய்துவந்ததை விஞ்ஞானம் தன் முறையில் மேற்கொண்டது என்று கொள்ளலாம்.

மேரை ஒழிந்தது ஒரே நாளில் அன்று. ரயத்துவாரி முறையில் வரி பணமாக மாறியது. களத்தில் பொதுவாகப் பிரிக்கும் வழக்கம் தளர்ந்தது. சீமை இரும்புப் பாளங்கள் வந்தபோது மலையோர உலைகள் அவிந்தன. ஆனாலும் நெல் கொடுத்துக் கத்தி காய்ச்சும் வழக்கம் பல கிராமங்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மெலிந்த ரூபத்தில் நடந்தது. பிற்பாடு லாரியின் தேய்ந்த ஸ்பிரிங் பட்டைகள் கொல்லருக்கு மலிவாகக் கிடைத்தன. அவை முழுதும் உருக்கு என்பதால் உருக்கு வைக்கும் வேலையே தேவையற்றுப் போயிற்று. திருப்பாச்சேத்தி அரிவாள் முதல் சித்தூரின் கரும்புக் கத்தி வரையில் பெரும்பாலும் இன்று அந்தப் பட்டையிலிருந்துதான் பிறக்கின்றன. மறுபக்கம், 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கண்டுபிடித்த துருப்பிடிக்காத எஃகு அடுக்களைக்குள் புகுந்தது. ஒருகாலத்தில் அருணாசலம் என்ற கொல்லர் அடித்த வேட்டைக் கத்திகளுக்கும் பன்றி ஈட்டிகளுக்கும் வெள்ளைக்காரர்களிடையே பெயர் பெற்றிருந்த சேலத்திலேயே, 1980-களின் தொடக்கத்தில் அந்த எஃகைத் தகடாக உருட்டும் பெரிய ஆலை எழுந்தது. எண்ணெய் வேண்டாத கத்தியோடு வளர்ந்த தலைமுறைக்கு எண்ணெய் பூச வேண்டும் என்பதே தெரியாமற்போனதில் வியப்பில்லை.

ஆயினும் பரண்களில் பழைய அரிவாள்மணைகள் இன்னும் இருக்கின்றன, அவற்றை எடுப்பவர்களுக்காக இதைச் சொல்லுகிறேன். முதலில் எண்ணெயில் நன்றாக ஊறவிட்டு, செங்கற்பொடியால் செந்துருவை மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும். அடியிலுள்ள கறுப்பை விட்டுவிட வேண்டும். பிடி ஆடினால் உள்ளே செருகியிருக்கும் வாலைச் சுற்றி அரக்கை உருக்கி ஊற்றிப் பூணை இறுக்கலாம். பிறகு சிறிய அரம் ஒன்றை விளிம்பின்மேல் லேசாக ஓட்டிப் பார்க்க வேண்டும். நெடுகிலும் அரம் கவ்வி இழுத்தால் உருக்கு தேய்ந்து தீர்ந்திருக்கும், அல்லது அதன் தோய்ச்சல் போயிருக்கும்; தோய்ச்சல் போடவும் உலையில் வைத்துப் புது உருக்கு ஏற்றவும் தெரிந்த கொல்லரைத் தேடிப் போக வேண்டியதுதான். அரம் வழுக்கினால் உருக்கு மிச்சமிருக்கிறது. தண்ணீரும் தீட்டுக்கல்லும் போதும்.